எனக்கு மட்டும் ஒரு பை

“எனக்கு மட்டும் ஒரு பை வேணும்,” என்றாள்.

கடையின் சிவப்புச் சட்டை போட்டிருந்த விற்பனையாளருக்கு அதில் ஒன்றும் விசேஷமாகப் படவில்லை. காலையிலிருந்து யாராவது வந்து ஏதாவது வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவளுக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்கும் பின்னால், அப்போதுதான் வாங்கிய பெயிண்ட் டின்னைக் கையில் தொங்கவிட்டபடி நின்ற அண்ணன், தெரிந்த முகம் எதுவும் கடைக்குள் இருக்கிறதா என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

அவர்கள் வீட்டில் வாயிலிருந்து வரக்கூடாத பேச்சு என்று ஒன்று உண்டு. கெட்ட வார்த்தை அல்ல; அது தாராளமாகவே புழங்கும். ‘எனக்கு மட்டும்’ என்பதுதான் கூடாது. சின்ன வயதில் ஒரு பென்சில் பெட்டிக்காக அப்படிக் கேட்டுவிட்டு வாயிலேயே ஓர் அடி வாங்கியிருக்கிறாள். “எனக்கு உனக்குன்னு பிரிச்சுக்க இது வீடா, ஹாஸ்டலா?” என்றாள் அம்மா அன்றைக்கு. ஹாஸ்டல் என்றால் என்னவென்று அவளுக்கு அப்போது தெரியாது. தனியாக ஒரு பென்சில் பெட்டி கிடைக்கும் இடம் என்று நினைத்துக்கொண்டு, அங்கே போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசைப்பட்டாள்.

வீட்டில் எதை வாங்கினாலும் ஓர் அளவு பெரிதாக வாங்குவார்கள். செருப்பு, ஸ்வெட்டர், குடை, கட்டில், எல்லாம். பெரிதாக இருந்தால் எல்லோருக்கும் ஆகும், சின்னதாக இருந்தால் ஒருத்திக்குத்தான் ஆகும் என்பது கணக்கு. அண்ணனுக்கு வாங்கிய ஷூவில் நுனிப்பக்கம் காகிதம் அடைத்துக்கொண்டுதான் அவள் பள்ளிக்கூடம் போனாள். இப்படி வாங்கிய சாமான் எல்லாம் எல்லோருக்கும் ஆயிற்று. யாருக்கும் பொருந்தவில்லை.

இதைச் சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள். சொல்லியும் இருக்கிறாள். அவர்களும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள்.

போன வருடம் முதல் சம்பளத்தில் ஒரு மழைக்கோட்டு வாங்கினாள். வாரம் முழுக்கத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குப்பிகளுக்கு முன்னால் குனிந்தே உட்கார்ந்திருப்பவளுக்கு, சனிக்கிழமை மலைப்பாதையில் நிமிர்ந்து நடப்பது ஒன்றுதான் உயிர் தரும் வேலை. அதற்காகத்தான் கோட்டு. கடைக்கு அம்மாவும் கூட வந்தாள். “கொஞ்சம் பெருசா எடு, மழை வந்தா யாராவது போட்டுக்கலாம்” என்றாள். சரி, போகட்டும் என்று பெரிதாக எடுத்தாள். யாராவது போட்டுக்கொண்டார்கள். முதல் பெரிய மழையன்று கோட்டு அண்ணனோடு அவன் வேனில் சரக்கு இறக்கப் போயிருந்தது. அவள் மலையில் தெப்பமாக நனைந்து, ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். “வேற பொழப்பில்லாம மலைக்குப் போனா காய்ச்சல் வரத்தான் செய்யும்” என்றார்கள். கோட்டைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

இப்போது பை.

இத்தனை நாள் அண்ணனின் பழைய லேப்டாப் பையைத்தான் தூக்கிக்கொண்டு நடந்தாள். அண்ணனிடம் லேப்டாப் எதுவும் கிடையாது. யாரோ கொடுத்த பை. பட்டை கழுத்தோரம் அறுத்து அறுத்து, போன சனிக்கிழமை இறங்கும்போது வலது கை விரல்கள் மரத்தே போய்விட்டன. பாதையில் ஒரு கயிற்றைப் பிடிக்க வேண்டிய இடத்தில் விரல் மூடவில்லை. நடைக்குழுவை நடத்துகிற பல் டாக்டரம்மா, அவளைக் கீழே கொண்டுவந்து சேர்த்த பிறகு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். “அடுத்த வாரம் மேல் முகடு. நாள் முழுக்க ஏற்றம். முதுகுக்குப் பொருந்துற பையோட வா. இல்லன்னா பஸ்ஸுலயே ஏற வேண்டாம்.” சொன்ன கையோடு பஸ் நிறுத்தத்திலேயே அவளைத் திருப்பி நிறுத்தி, பின்கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு மேடு வரை ஒரு நாடாவைப் பிடித்தார். “உனக்கு முதுகு குட்டை. ஆளு உயரத்தைப் பாத்து ஏமாந்துடாத. கால்தான் நீளம். குட்டை முதுகுக்குன்னு கேட்டு வாங்கு.”

அந்த மேல் முகடு நாளைக்கு.

தனியாகத்தான் வந்து வாங்குவதாக இருந்தாள். “வீட்டுக்குப் பெயிண்ட் வாங்கத்தானே போறோம், வேன்லயே வா. தனியாப் போனா எதையாவது உன் தலையில கட்டிடுவானுங்க” என்று அண்ணன் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அம்மாவும் ஏறிக்கொண்டாள். ஒரு பைக்கு மூன்று பேர்.

விற்பனையாளர் அவள் தலைக்கு மேலாக அண்ணனைப் பார்த்துக் கேட்டார். “எத்தனை லிட்டர் பை பாக்கறீங்க சார்?”

“பை எனக்கு,” என்றாள். “என்னைக் கேளுங்க.”

“சொல்லுங்க மேடம்.”

“ஒரு நாள் நடைக்கு. தண்ணி, சாப்பாடு, மழைக்கோட்டு, ஒரு மாத்துச் சட்டை. இருபத்திச் சொச்சம் லிட்டர் போதும். முதுகு குட்டை. இடுப்புப் பட்டை எலும்பு மேல உக்காரணும்.”

“டிகிரி படிச்சவங்க பை வாங்கற அழகே தனி,” என்றான் அண்ணன் விற்பனையாளரிடம். அவள் கல்லூரி முடித்த நாளிலிருந்து அவனுக்கு அவள் பெயர் டிகிரி. “அவ கிடக்கறா. அதோ அங்க மேல தொங்குதே, சாம்பல் கலர், அதை இறக்குங்க. ஆஃபர்னு வேற போட்டிருக்கு.”

அறுபது லிட்டர் பை. கொக்கியிலிருந்து இறங்கியபோது ஒரு ஆளையே இறக்கி வைத்தது போலிருந்தது. ஜிப்பைத் திறந்ததும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “ஐயோ, எவ்வளவு இடம்! எங்கயாவது போனா நாலு பேர் துணியும் இதுலயே போயிடும்டா.”

“எனக்கும் அடுத்த மாசம் லாங் ட்ரிப் இருக்கு,” என்றான் அண்ணன். “போர்வை, ஸ்டவ்வு எல்லாம் உள்ள போட்டுக்கலாம். டிகிரி சனிக்கிழமை எடுத்துக்கட்டும். யாரு வேணாம்னது?”

“நீ ட்ரிப் போற சனிக்கிழமை?”

“ஒரு வாரம் போகலன்னா மலை எங்கயும் ஓடிடாது.”

மழைக்கோட்டும் இப்படித்தான் ஆரம்பித்தது.

வாதாடவில்லை. பையை வாங்கி மாட்டினாள். பையின் தோள்வாருக்கும் அவள் தோளுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. இடுப்புப் பட்டை இடுப்பைத் தாண்டித் தொடையில் வந்து நின்றது. பின்பக்கம் பை முட்டிக்கொண்டு அவளை முன்னால் தள்ளியது.

“இதை இழுத்தா சரியாயிடும் மேடம்,” என்று விற்பனையாளர் எல்லாப் பட்டையையும் ஒரே இழுப்பாக இழுத்தார். பை இன்னும் கீழே போயிற்று. “பாருங்க, கச்சிதம்.”

“காலிப் பை எல்லாருக்கும் கச்சிதமாத்தான் இருக்கும். எடை வெச்சுக் குடுங்க, நடந்து பாக்கறேன்.”

“எடையா?”

“மண் மூட்டை, கல்லு, ஏதாவது. பை விக்கற கடையில இருக்கணுமே.”

“இங்க யாரும் அப்படிக் கேக்கறதில்லீங்க. வாங்கறதா இருந்தா சொல்லுங்க, பில் போடறேன்.”

அம்மா அவள் முழங்கையை நறுக்கென்று கிள்ளினாள். “மானத்தை வாங்காதடி. இறக்கச் சொல்லிட்டோம், எடுத்துட்டுப் போயிடலாம்.” இதுவும் வீட்டுச் சட்டம். கடையில் ஒன்றை இறக்கிக் காட்டச் சொன்னால் வாங்கிவிட வேண்டும். தொட்டுவிட்டு வைத்தால் ‘வக்கில்லாதவங்க’ என்று நினைத்துவிடுவார்களாம். இந்தப் பயத்தினாலேயே அந்த வீட்டில் யாருக்கும் பிடிக்காத ஒரு ஊதா நிறச் சோபா இத்தனை வருடமாகக் கூடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

அவள் திரும்பி அண்ணனிடம் கையை நீட்டினாள். “அந்த டின்னைக் குடு.”

“எதை?”

“பெயிண்ட்டை.”

அவள் சிரிக்கிறாளா என்று அவன் பார்த்தான். சிரிக்கவில்லை. டின்னை வாங்கி, அம்மா கையிலிருந்த பிளாஸ்டிக் கவரால் ஒரு சுற்றுச் சுற்றிப் பைக்குள் நிறுத்தி, ஜிப்பை மூடி, மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

“மேடம், மேடம், கறை பட்டா நான்தான் பதில் சொல்லணும்,” என்று விற்பனையாளர் பின்னாலேயே ஓடிவந்தார்.

“மூடி திறக்காம கறை எப்படிங்க படும்?”

“டிகிரி,” என்றான் அண்ணன், “கொட்டிச்சுன்னா கடை முழுக்க நீயே வெள்ளையடிச்சுக் குடுத்துட்டுத்தான் வரணும்.”

கடையின் நடுவே மாடிக்குப் போகிற இரும்புப் படி இருந்தது. அதில் ஏறினாள். மேலே சைக்கிள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி வழிவிட்டு நின்றார்கள். திரும்பும்போது பை ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகத் திரும்பினார்கள். இறங்கும்போது டின் முதுகில் மத்தளம் வாசித்தது. எடை முழுக்கத் தோளில் தொங்கி, போன வாரம் அறுத்த அதே இடத்தைத் தேடிப் பிடித்து அறுத்தது. கீழே வந்து கழற்றி, தரையில் வைத்தாள்.

“ஆகாது.”

“தூக்கித் தூக்கிப் பழகிடும்டி,” என்றாள் அம்மா.

“பழகிடும். கை மரத்துப்போகவும் பழகிடும்.” விற்பனையாளரிடம் திரும்பினாள். “சின்ன பை எல்லாத்தையும் எடுத்துப் போடுங்க. எல்லாத்தையும்.”

அந்த மனிதருக்கு அதற்குள் ஒரு மாதிரி சுவாரஸ்யம் வந்துவிட்டிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றிலும் டின் ஏறி இறங்கியது. ஒன்றில் டின்னே நுழையவில்லை. ஒன்று நன்றாக உட்கார்ந்தது. ஆனால் முதுகோடு ஒட்டிக்கொண்டு, மாடி ஏறி வருவதற்குள் சட்டை வேர்த்து நனைந்துவிட்டது. இன்னொன்றில் பக்கவாட்டுப் பை இருந்தும், வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பையையே கழற்ற வேண்டியிருந்தது. அம்மா ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் போனை எடுத்து யாருக்கோ, “இங்க ஒரு படம் ஓடிக்கிட்டிருக்கு, முடிஞ்சதும் வரேன்” என்று சொன்னான்.

“குட்டை முதுகுக்குன்னு வந்தது ஒண்ணுதான் மிச்சம்,” என்று விற்பனையாளர் கீழ்த்தட்டில் குனிந்து தேடினார். “கலர் புடிக்காம யாரும் எடுக்கல.”

கடுகை அரைத்துப் பூசியது போன்ற மஞ்சள். இருபத்து நான்கு லிட்டர்.

டின்னை உள்ளேயும் பாட்டிலைப் பக்கவாட்டிலும் வைத்து மாட்டினாள். பல் டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த வரிசையில், முதலில் இடுப்புப் பட்டையை எலும்பு மேட்டின் மேல் வைத்துப் பூட்டினாள். பிறகு தோள்வாரை, உடம்பைத் தொடும் வரை மட்டும், இழுத்தாள். கடைசியில் மார்புப் பட்டை. நிமிர்ந்தாள்.

டின் எங்கே போயிற்று என்று ஒரு கணம் தெரியவில்லை.

எடை இருந்தது. ஆனால் தோளில் இல்லை. இடுப்பில் இறங்கி, காலுக்குப் போய், தரைக்குப் போய்விட்டது. முதுகுக்கும் பைக்கும் நடுவில் விறைப்பாக இழுத்துக் கட்டிய வலையில் காற்று ஓடியது. மாடி ஏறினாள். திரும்பினாள், பையும் கூடவே திரும்பியது. கையைப் பின்னால் விட்டாள். பாட்டில் கைக்கு வந்தது. அந்தச் சைக்கிள் தம்பதி இப்போது அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறந்ததிலிருந்து ஒரு சாமான் அவள் உடம்பை இப்படி விசாரித்ததில்லை.

“இதுதான்,” என்றாள் கீழே வந்து.

அண்ணன் பையை மேலும் கீழும் பார்த்தான். “ஸ்கூல் பிள்ளை பை மாதிரி இருக்கு. இதுல என் சாப்பாட்டு டப்பாகூடப் போகாது.”

“உன் டப்பா போக வேண்டாம்.”

“விலையைப் பாரு. இதுக்கு அந்தப் பெருசையே எடுத்துட்டு மிச்சமும் வாங்கலாம்.”

“என் சம்பளம்.”

சொல்லியிருக்க வேண்டாம். சொல்லியாகிவிட்டது. அண்ணன் குரலைத் தாழ்த்தினான். அவனுக்கு உண்மையிலேயே கோபம் வந்தால்தான் குரல் தாழும். “சம்பளமா? அந்தச் சம்பளம் வர்ற மாதிரி உன்னைப் படிக்க வெச்சது யாரு? நான் ஸ்கூல விட்டு நின்னு லோடு ஏத்தப் போனேன். என்னைக்காவது சொல்லிக் காட்டியிருக்கேனா?”

“தெனமும். டிகிரின்னு கூப்பிடறியே, அது என்ன?”

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

“நீ போனது எனக்குத் தெரியும்ணா. மறக்கல. ஆனா படிப்பையும் நீங்க ஒரு சைஸ் பெருசாத்தான் வாங்கினீங்க, எல்லாருக்கும் ஆகட்டும்னு. பேங்க்குல சண்டை போடணுமா, டிகிரியக் கூப்பிடு. உன் பையனுக்கு அட்மிஷனா, டிகிரியக் கூப்பிடு. உன் கூட வண்டி ஓட்டறவனோட மச்சானுக்கு வேலைக்கு எழுதிப் போடணுமா, டிகிரி சும்மாதானே இருக்கா. செய்யறேன். இன்னும் செய்வேன். வாரத்துல ஒரு நாள் மலைக்குப் போறேன். அந்த ஒரு நாளும் பொதுச் சொத்து இல்ல.”

விற்பனையாளர் சாம்பல் பையைத் திரும்பக் கொக்கியில் மாட்டும் சாக்கில் நகர்ந்து போனார். போனாரே தவிர, காது இங்கேதான் இருந்தது.

“நடக்கறதுக்குக் காசு குடுத்துப் பை வாங்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்,” என்றான் அண்ணன். ஆனால் சொன்னதில் பழைய வேகம் இல்லை. அவனோடு சண்டை போடுவது ஒன்றும் புதிதில்லை. கத்துவான், கிண்டலடிப்பான், ரெண்டு நாள் பேசமாட்டான், மூன்றாம் நாள் எதையாவது எழுதித் தரச் சொல்லி வருவான். அவளுக்கும் அது பழகிப்போன சண்டை.

கஷ்டம் அம்மா பக்கத்திலிருந்து வந்தது.

அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தாள். “அப்படி என்னதான் இருக்கு இதுல? குடு, பாப்போம்.” டின்னோடேயே பையை வாங்கி மாட்டிக்கொண்டாள். மகள் மாட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் போல. இடுப்புப் பட்டையைத்தான் முதலில் பூட்டினாள். தோள்வாரைக் கொஞ்சம் தளர்த்தி, மார்புப் பட்டையையும் பூட்டிக்கொண்டாள். நிமிர்ந்தாள். ரெண்டு அடி நடந்தாள். பிறகு, யாரும் எதிர்பார்க்கவில்லை, நேராக அந்த இரும்புப் படியில் ஏறி இறங்கினாள்.

முதுகு அவளுக்கும் குட்டை. இந்த முதுகே அங்கிருந்து வந்ததுதான்.

“எனக்கும் ஆகுதுடி,” என்றாள் அம்மா. குரலில் அப்படி ஒரு ஆச்சரியம். முகமே மாறிப்போயிருந்தது, யாரோ கன்னத்தைத் தட்டிக் கொடுத்தது போல. காய்கறிப் பையை ரெண்டு கையிலும் தொங்கவிட்டு, விரலில் சிவப்பாக வரி விழ வீட்டுக்கு வந்து, கையை உதறிக்கொண்டே கதவைத் திறக்கிற அம்மா. “வலியே தெரியல. நீ சனிக்கிழமை மட்டும்தானே எடுக்கப் போற? மத்த நாள் நான் கடைக்கு எடுத்துட்டுப் போறேன். என்ன கெட்டுச்சு?”

ஒன்றும் கெட்டுவிடாதுதான். நியாயமான பேச்சு. அண்ணனிடம் ஆயிரம் சொல்லலாம். இந்த முகத்திடம் என்ன சொல்வது? சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வேனில் ஏறலாம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பைக்குள் உருளைக்கிழங்கு மண் இருக்கும். இன்னொரு வெள்ளிக்கிழமை பட்டை தளர்ந்திருக்கும், அவள் திரும்ப இறுக்குவாள். அப்புறம் அண்ணி ஒருநாள் மட்டும் கேட்பாள். அப்புறம் அண்ணன் பையன் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு. ஒரு சனிக்கிழமை விடிகாலை வீட்டுக் கொக்கியைப் பார்த்தால் பை இருக்காது. யாரும் வேண்டுமென்று எடுத்திருக்க மாட்டார்கள். மழைக்கோட்டையும் யாரும் வேண்டுமென்று எடுக்கவில்லை.

“உனக்கு ஒண்ணு வாங்கித் தரேம்மா. இதே அளவுல. இப்பவே. இங்க இல்லன்னா வேற கடையில.”

“எனக்கு எதுக்குடி தனியா? அதான் இது இருக்கே.”

“இது எனக்கு.”

“நான் என்ன, பக்கத்து வீட்டுக்காரியா?”

“உனக்குன்னு ஒண்ணு வேணும்னு சொல்லு, வாங்கித் தரேன். உன் பேர் எழுதித் தரேன். அதை நானும் தொடமாட்டேன், யாரையும் தொட விடமாட்டேன். இதுல பங்கு கேக்காத.”

“பெத்தவளுக்குக்கூடவா?”

“பெத்தவளுக்குக்கூட.”

சொன்னது நின்றது. அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பென்சில் பெட்டி நாளில் பார்த்த அதே பார்வை. கை மட்டும் ஓங்கவில்லை. பிறகு மார்புப் பட்டையின் பூட்டை அழுத்திப் பார்த்தாள். அது விடவில்லை. மகள்தான் கிட்டப் போய்க் கழற்றிவிட வேண்டியிருந்தது. மார்பில், பிறகு இடுப்பில். பை கைக்கு வந்த பிறகும் ஒரு பட்டை மட்டும் அம்மாவின் விரல்களில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் வந்தது.

டின்னை எடுத்துக் கல்லாமேசையில் வைத்தாள். கார்டை நீட்டினாள்.

“விலை டேக் அப்படியே இருக்கட்டும்,” என்றான் அண்ணன் விற்பனையாளரிடம். “வீட்டுக்குப் போனதும் மனசு மாறும். திருப்பிக் குடுக்கணும்னா வேணும்.”

“வெட்டிடுங்க,” என்றாள் அவள்.

விற்பனையாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் அண்ணனைப் பார்த்துக் கேட்டவர், இப்போது அவளைப் பார்த்துக் கேட்டார். “வெட்டிட்டா ரிட்டர்ன் கிடையாதுங்க மேடம்.”

“தெரியும்.”

கத்தரிக்கோல் ஒரு சத்தம் போட்டது. பை புடைப்பாகத் தெரிவதற்காக உள்ளே அடைத்திருந்த காகிதம் அடியில் இன்னும் கொஞ்சம் கிடந்தது. கையை விட்டு அத்தனையையும் உருவி மேசைமேல் போட்டாள். ஷூவின் நுனி ஞாபகம் வந்தது, வந்துவிட்டுப் போயிற்று. அம்மா தளர்த்தியிருந்த தோள்வாரைத் தன் அளவுக்கு இழுத்து விட்டாள். மாட்டிக்கொண்டு இடுப்பில் பூட்டினாள்.

“வண்டி இந்தப் பக்கம் நிக்குது,” என்றாள் அம்மா. கோபமா, வழி சொல்வதா என்று பிரிக்க முடியாத குரல்.

“நான் நடந்து வரேம்மா. நாளைக்கு ஏறணும், பழகிக்கறேன். டின்னை மறந்துடாதீங்க.”

“இவ்ளோ தூரமா? பைத்தியமா உனக்கு?” என்றான் அண்ணன். பிறகு, அவள் கதவைத் தள்ளும்போது, “டிகிரி,” என்று வாயெடுத்து நிறுத்திவிட்டு, அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். எத்தனையோ நாளைக்கு அப்புறம்.

கேட்டது. நன்றாகவே கேட்டது. கூப்பிட்டது எதற்கென்று வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். அவள் கடைப் படியிறங்கி, வேனைத் தாண்டி, வெயிலில் நடந்தாள்.